கே. ஏ. அப்பாஸ்: முற்போக்குத் திரைக்கதையின் சாதனையும் முரண்பாடும்

1

இலக்கிய வரலாறு எழுதுவோர் ஆசிரியனிலிருந்து தொடங்குவது வழக்கம். திரைப்பட வரலாறு எழுதுவோர் நடிகனிலிருந்தோ நெறியாளனிலிருந்தோ தொடங்குகின்றனர். கதையையும் உரையாடலையும் நிகழ்ச்சிக் கோவையையும் ஆக்கித்தந்த எழுத்தாளனது பெயர் படத்தின் முகப்பிலே சில விநாடிகள் தோன்றி மறைவதோடு அமைந்துவிடுகின்றது. 1951 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆவாரா’ ராஜ் கபூரின் படமாகவே உலகெங்கும் அறியப்பட்டுள்ளது. அதன் கதையையும், வீ. பி. சாத்தேயுடன் சேர்ந்து அதன் திரைக்கதையையும் எழுதிய குவாஜா அஹ்மத் அப்பாஸ் (1914 - 1987) அப்புகழின் நிழலிலேயே நின்றுவிட்டார்.

அப்பாஸ் பத்திரிகையாளர், நாவலாசிரியர், சிறுகதையாசிரியர், திரைக்கதாசிரியர், நெறியாளர் எனப் பல துறைகளிலே இயங்கியவர். ஆங்கிலம், உருது, ஹிந்தி ஆகிய மொழிகளில் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை வெளியிட்டவர். அவரது திரைப்படப் பணி குறித்து இருவகையான முடிவுகள் கூறப்படுவதுண்டு. பிறருக்காக எழுதிய படங்களிலே தமது கொள்கையை வணிகத்துக்கு விலையாக்கினார் என்பது ஒன்று. தாமே நெறிப்படுத்திய படங்களிலே கொள்கை இருந்தது, கலை இல்லை என்பது மற்றொன்று. இவ்விரு முடிவுகளும் தனிமனிதனின் உறுதி, திறமை ஆகியவற்றைக்கொண்டு பிரச்சினையை விளக்க முற்படுகின்றன. அப்பாஸின் முரண்பாட்டை அவரது மனத்திலே தேடுவதிலும் பார்க்க, அவர் இயங்கிய உற்பத்தி உறவுகளிலும், சுதந்திர இந்தியாவின் அரசு பற்றி அவரும் அவரது தலைமுறையினரும் கொண்டிருந்த எதிர்பார்ப்பிலும் தேடுவதே பொருத்தமானதாகும். இக்கட்டுரை அம்முயற்சியை மேற்கொள்கின்றது.

2

அப்பாஸ் 1914 யூன் 7 ஆம் நாள் பானிப்பட்டிலே பிறந்தார். உருதுக் கவிதையைச் சமூகச் சீர்திருத்தத்தின் கருவியாக்க முனைந்த அல்தாஃப் ஹுசைன் ஹாலியின் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். ஹாலி மறைந்ததும் அதே ஆண்டிலேயாகும். எழுத்துக்குச் சமூகப் பயன் உண்டென்பது அக்குடும்பத்தில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த எண்ணம். அதற்கு வர்க்க நோக்கினைச் சேர்த்துக்கொண்டது அப்பாஸின் தலைமுறை.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் 1933 இல் கலைமாணிப் பட்டமும் 1935 இல் சட்டப் பட்டமும் பெற்ற அவர், வழக்கறிஞராகாது பம்பாய் சென்று ‘பொம்பே குரோனிக்கிள்’ நாளிதழில் இணைந்தார். அங்கு திரைப்பட விமர்சகராகவும் கடமையாற்றினார். அவரது ‘கடைசிப் பக்கம்’ என்னும் பத்தி அவ்விதழிலே தொடங்கி, பின்னர் ‘பிளிட்ஸ்’ வார இதழுக்கு மாறி, அவர் இறக்கும்வரை தொடர்ந்தது.

1936 இல் லக்னோவில் பிரேம்சந்தின் தலைமையில் கூடிய முதலாவது முற்போக்கு எழுத்தாளர் மாநாடு அக்காலச் சூழலை விளங்கிக்கொள்ள உதவும். இலக்கியத்தை மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டுமென்னும் குரல் வலுப்பெற்ற நாட்டிலே பெரும்பாலான மக்கள் எழுத்தறிவற்றவராயிருந்தனர். நாவலும் சிறுகதையும் சென்றடைய முடியாத அம்மக்களைச் சினிமா சென்றடைந்தது. ஆயின் கற்றோர் மத்தியில் அதற்கு மதிப்பிருக்கவில்லை. சூதாட்டம் முதலான தீமைகளோடு சினிமாவையும் சேர்த்தெண்ணிய காந்தியடிகளுக்கு, 1939 இல் ‘ஃபிலிம் இந்தியா’ சஞ்சிகை வாயிலாக அப்பாஸ் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினார். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் தேசத்தின் தலைவரோடு சினிமாவுக்காக வாதாடியமை வெறும் தொழிற்பற்றன்று. வெகுசனக் கலையைக் கைவிட்டால் அது யாருடைய கையிலே போய்ச் சேரும் என்ற வினா அதன் பின்னணியில் இருந்தது.

அவரது முதலாவது திரைக்கதையாகிய ‘நயா சன்ஸார்’ (1941) பொம்பே டோக்கீஸ் நிறுவனத்தாற் படமாக்கப்பட்டது. கொள்கைப்பிடிப்புள்ள பத்திரிகையாளன் ஒருவனைப் பற்றியது அது. பத்திரிகையின் நேர்மைக்கும் அதனை நடத்தும் பணத்துக்குமிடையிலான மோதல் அதன் பொருள். எழுதுவோனுக்கும் எழுத்தை வெளியிடும் சாதனத்தை உடைமையாகக் கொண்டோனுக்குமிடையிலான இப்பிரச்சினையே பிற்காலத்தில் அப்பாஸின் சொந்தப் பிரச்சினையாகவும் ஆயிற்று.

3

1943 இல் வங்காளத்தைப் பஞ்சம் தாக்கியது. பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த நோய்களாலும் இறந்தோர் தொகை முப்பது இலட்சம்வரை மதிப்பிடப்படுகின்றது. வரட்சியை மாத்திரம் காரணங்காட்டி விளக்கிவிடக்கூடிய பஞ்சமன்று அது. யுத்தகாலக் குடியேற்ற ஆட்சியின் கொள்கையும், நெல்லைப் பதுக்கிய வணிகரின் ஊகச் சந்தையும், நிலமற்ற உழவரின் வாங்கும் சக்தி அற்றுப்போனமையும் அதற்குக் காரணமாயின. அதே ஆண்டில் இந்திய மக்கள் நாடக மன்றம் பம்பாயில் அமைக்கப்பட்டது. அதன் தாபகர்களுள் அப்பாஸும் ஒருவர்.

இம்மன்றத்தின் தயாரிப்பாக அப்பாஸ் நெறிப்படுத்திய முதற்படமே ‘தர்த்தி கே லால்’ (1946). பிஜோன் பட்டாச்சாரியாவின் ‘நபான்ன’ முதலிய நாடகங்களையும் கிருஷன் சந்தரின் ‘அன்னதாதா’ கதையையும் அது தழுவியது. ஊரிலே நிலமிழந்த குடும்பம் கல்கத்தாத் தெருக்களிலே சிதறுண்டு, எஞ்சியோர் திரும்பிவந்து கூட்டாக உழத் தொடங்குவது அதன் கதை. பல்ராஜ் சாஹ்னி, சொம்பு மித்ரா, திருப்தி மித்ரா முதலியோர் நடிக்க, ரவி சங்கர் இசையமைத்தார். நட்சத்திர நடிகனை மையமாகக் கொள்ளாது உழவர் குடும்பமொன்றைக் கதைத்தலைமைக்கு உயர்த்தியமை இந்தியத் திரைப்படத்துக்குப் புதிது.

அவ்வாண்டிலேயே அப்பாஸ் திரைக்கதையிற் பங்கேற்ற மேலும் இரு படங்கள் வெளிவந்தன. சேத்தன் ஆனந்த் நெறிப்படுத்திய ‘நீச்சா நகர்’ கோர்க்கியின் ‘அடித்தளம்’ நாடகத்தின் உந்துதலாற் பிறந்தது. மேட்டிலே வாழும் செல்வன் தன் கழிவுநீரைத் தாழ்ந்த பகுதியில் வாழும் ஏழைகளின் குடியிருப்பினூடாகத் திருப்பிவிடுகின்றான் என்னும் எளிய படிமத்தினால் வர்க்க உறவினை அது காட்டியது. 1946 இல் நடைபெற்ற முதலாவது கான் திரைப்பட விழாவில் உயர் பரிசினைப் பகிர்ந்துகொண்ட படங்களுள் அதுவும் ஒன்று. வீ. சாந்தாராமின் ‘டொக்டர் கோட்னிஸ் கீ அமர் கஹானி’ சீனமக்களின் போராட்டத்துக்கு உதவச் சென்று 1942 இல் அங்கேயே உயிர்நீத்த மருத்துவரின் வரலாறு. அதற்கு மூலமாயமைந்ததும் அப்பாஸின் நூலே.

ஓராண்டில் வெளிவந்த இம்மூன்று படங்களுக்கும் பொதுவான அமிசமொன்றுண்டு. அவற்றில் மக்களின் துன்பத்துக்குத் தீர்வு மக்களின் கூட்டுச் செயலிலிருந்து அல்லது அதனோடு ஒன்றிய தியாகத்திலிருந்து பிறக்கின்றது. நீதிமன்றமோ அரசாங்கமோ அங்கு மீட்பனாக வருவதில்லை. அரசு அந்நியருடையதாக இருந்தமையால் அவ்வாறு வரவும் முடியாதிருந்தது. 1947 க்குப் பின்னர் இந்நிலைமை மாறிவிட்டமை அப்பாஸின் எழுத்தை விளங்கிக்கொள்வதற்கு இன்றியமையாததாகும்.

4

‘ஆவாரா’வின் கதைப்பொருள் பரம்பரையா சூழலா மனிதனை ஆக்குகின்றது என்னும் வினாவாகும். கள்வனின் மகன் கள்வனே, நல்லோனின் மகன் நல்லோனே என்பது நீதிபதி ரகுநாத்தின் நம்பிக்கை. அந்நம்பிக்கையால் தண்டிக்கப்பட்ட ஜக்கா பழிவாங்கும்பொருட்டு ரகுநாத்தின் மனைவியைக் கடத்திச் சென்று விடுவிக்கின்றான். கருவுற்ற மனைவியைச் சந்தேகித்து ரகுநாத் வீட்டினின்றும் துரத்துகின்றான். தெருவிலே பிறந்த மகன் ராஜ் பம்பாய்ச் சேரியில் வளர்ந்து, பசித்திருக்கும் தாய்க்காக ரொட்டி திருடுவதிலிருந்து குற்றவாழ்வுக்குட் புகுகின்றான். இறுதியிலே தந்தை முன்னிலையில் அவன் குற்றவாளிக் கூண்டில் நிற்க, அவனை நேசிக்கும் ரீத்தா அவனுக்காக வாதாடுகின்றாள்.

குற்றத்தின் வேர் இரத்தத்தில் இல்லை, சேரியில் உண்டு என்னும் கருத்தை இத்துணை மக்களுக்கு இத்துணை எளிதாக உணர்த்திய இந்தியப் படைப்பு அக்காலத்தில் வேறெதுவுமில்லை எனலாம். சீதையின் வனவாசத்தை நினைவூட்டி, குலத்தூய்மை என்னும் நிலமானிய விழுமியத்தின் கொடுமையை அது கேள்விக்குள்ளாக்குகின்றது. பல்கலைக்கழக விரிவுரையிலே கூறப்படும் உண்மையொன்று பாட்டோடும் கண்ணீரோடும் படமாளிகையின் முன்வரிசையிலிருப்போனுக்குச் சென்று சேர்ந்தது. 1954 முதல் சோவியத் யூனியனிலும், பின்னர் சீனா, துருக்கி முதலிய நாடுகளிலும் அப்படம் பெற்ற வரவேற்பைப் பாட்டின் கவர்ச்சி மட்டும் விளக்கப் போதாது.

எனினும் இவ்வாதத்தின் அமைப்பை உற்றுநோக்குதல் வேண்டும். சூழலே மனிதனை ஆக்குகின்றது என்பதை நிறுவ அப்பாஸ் தெரிந்தெடுத்த சான்று கள்வனாகிவிட்ட நீதிபதியின் மகன். நீதிபதியாக உயர்ந்த கள்வனின் மகனை நாம் படத்திலே காண்பதில்லை. உயர்குலத்தான் தாழலாம் என்பது காட்டப்பட்டது. தாழ்த்தப்பட்டோன் உயரலாம் என்பது நாயகனின் நீதிமன்ற உரையிலே சேரிப் பிள்ளைகளைச் சுட்டிக் கூறப்படும் வேண்டுகோளாக மட்டுமே எஞ்சுகின்றது. பார்வையாளனின் இரக்கம் ராஜின் மீது பாய்வதற்குக் காரணம், அவன் ‘உண்மையில்’ நல்ல குடும்பத்துப் பிள்ளை என்பதுமாகும். பரம்பரைக் கோட்பாட்டை வாசல்வழியே வெளியேற்றிய கதை, அதனைச் சாளரத்தின் வழியே மீண்டும் உள்ளே வரவிடுகின்றது.

ஏறத்தாழ அதே காலத்திற் றமிழில் வெளிவந்த ‘பராசக்தி’ (1952) இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்துக்கு மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதிய அப்படத்திலும் இறுதி மோதல் நீதிமன்றத்திலேயே நிகழ்கின்றது. அங்கும் நீதிபதி குற்றவாளியின் சொந்தத் தமையனாவான். அப்பாஸின் மார்க்சியச் சார்பும் கருணாநிதியின் திராவிட இயக்கச் சார்பும் வேறுவேறானவை. ஆயினும் இருவரும் அரசின் நீதியைக் குடும்பத்தின் நீதியாக மாற்றியமைக்கின்றனர். சட்டத்தின் கொடுமை உறவு அறியப்படாமையால் நேர்ந்த தவறாகின்றது. உறவு வெளிப்பட்டதும் சட்டம் உருகுகின்றது. புதிதாகப் பெற்ற அரசைத் தம்மவரின் அரசாக, திருத்தப்படக்கூடிய தந்தையாகவோ தமையனாகவோ காண விரும்பிய காலகட்டத்தின் மனோபாவம் இது.

‘ஸ்ரீ 420’ (1955) இம்மனோபாவத்தை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது. கலைமாணிப் பட்டத்தோடும் நேர்மைக்காகப் பெற்ற பதக்கத்தோடும் பம்பாய்க்கு வரும் இளைஞன் அப்பதக்கத்தை அடகுவைக்கின்றான். நடைபாதையில் உறங்குவோரே அவனை ஏற்றுக்கொள்கின்றனர். பின்னர் சேட் சோனாசந்தின் கூட்டாளியாகி, நூறு ரூபாவுக்கு வீடு தருவதாக அம்மக்களையே ஏமாற்றும் திட்டத்திற் பங்குகொள்கின்றான். ஏழையின் சில்லறைச் சேமிப்பு எவ்வாறு ஊகவணிகனின் மூலதனமாகத் திரள்கின்றது என்பதை இப்பகுதி பொருளியற் பாடநூலினுங் கூர்மையாக விளக்குகின்றது. ஏமாற்றுக்குரிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவின் இலக்கத்துக்கு முன்னே ‘ஸ்ரீ’ என்னும் மரியாதைச் சொல்லைச் சேர்த்த தலைப்பிலே செல்வத்தின் கௌரவம் முழுவதும் அம்பலப்பட்டுவிடுகின்றது.

ஆயின் முடிவிலே நாயகன் உண்மையை வெளிப்படுத்துகின்றான், பொலிஸ் வருகின்றது, ஒற்றுமையும் உழைப்பும் வீடுகளைத் தருமென்னும் உறுதிமொழி கிடைக்கின்றது. 1955 ஜனவரியில் சென்னைக்கு அண்மையிலுள்ள ஆவடியிலே கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணியிலான சமுதாயம் தன் இலக்கென அறிவித்தது. அதே ஆண்டு செப்டெம்பரிலே ‘ஸ்ரீ 420’ திரைக்கு வந்தது. சேட்டைக் குற்றவாளியாகக் கண்டு, அவனைத் தண்டிக்கும் அரசை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டதாகக் கண்டது அக்காலத்து இடதுசாரி அறிவாளர் பலரின் பொது மயக்கமாகும். அதனை அப்பாஸின் தனிப்பட்ட சமரசமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

5

தயாரிப்பாளரின் பிடியினின்றும் விடுபடும் நோக்குடன் அப்பாஸ் 1951 இல் ‘நயா சன்ஸார்’ என்னும் பெயரிற் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தை அமைத்தார். பிறருக்கு எழுதிப் பெற்ற ஊதியத்தைத் தமது படங்களிலே செலவிட்டார். அவற்றுட் பெரும்பாலானவை வசூலில் தோல்வியுற்றன.

அவற்றுள் ‘ராஹி’ (1952) ஈழத்து வாசகரின் தனிக்கவனத்துக்குரியது. முல்க் ராஜ் ஆனந்தின் ‘இரு இலைகளும் ஒரு மொட்டும்’ (1937) என்னும் நாவலைத் தழுவிய அப்படம் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டோர் மீளமுடியாது தோட்டத்துள் அடைபடுவதும், துரையின் அதிகாரமும், கூலியின் அற்பமும் எமது மலையகத்து வரலாற்றை அறிந்தோர்க்கு அந்நியமானவையல்ல. ஒரே பயிர், ஒரே குடியேற்ற மூலதனம், ஒரே வகையான உழைப்பு முறை ஆகியன அசாமையும் மலையகத்தையும் ஒரே கதையின் இரு அத்தியாயங்களாக்கின.

‘முன்னா’ (1954) பாடல்களே இல்லாது வெளிவந்த துணிவான முயற்சி. ‘பர்தேசி’ (1957) பதினைந்தாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ருஷ்ய வணிகன் அஃபனாசி நிக்கிதின் பற்றியது. வசீலி புரோனினுடன் அப்பாஸ் சேர்ந்து நெறிப்படுத்திய இந்திய - சோவியத் கூட்டுத் தயாரிப்பு அது. பம்பாயில் வீடின்றிக் குழாய் ஒன்றினுள் குடித்தனம் நடத்தும் இளந்தம்பதியரின் கதையாகிய ‘ஷெஹர் அவுர் சப்னா’ (1963) சிறந்த படத்துக்கான ஜனாதிபதி தங்கப் பதக்கம் பெற்றது. ‘ஸ்ரீ 420’ வாக்களித்த வீடு எட்டாண்டுகளின் பின்னரும் கட்டப்படவில்லை என்பதை அவ்வாக்குறுதியை எழுதியவரே பதிவுசெய்தமை மனங்கொள்ளத்தக்கது.

கோவா விடுதலையைப் பொருளாகக்கொண்ட ‘சாத் ஹிந்துஸ்தானி’ (1969) இன்று அமிதாப் பச்சனின் முதற்படம் என்பதற்காகவே நினைவுகூரப்படுகின்றது. வங்காள நடிகர் உத்பல் தத்தைப் பஞ்சாபியாகவும், மலையாள நடிகர் மதுவை வங்காளியாகவும் நடிக்கச் செய்தார் அப்பாஸ். மொழி, மத வேற்றுமைகள் இயற்கையானவையெனக் கூறுவோர்க்கு அவர் அளித்த விடை அது. பிறப்பு மனிதனைத் தீர்மானிப்பதில்லை என்னும் ‘ஆவாரா’வின் வாதமே இங்கு நடிகர் தேர்வாக மாறியுள்ளது.

இப்படங்களிலே கருத்து சிலவேளை பாத்திரத்தின் வாயில் வலிந்து திணிக்கப்படுகின்றது. பத்திரிகையாளனின் அவசரம் கலைஞனின் பொறுமையை மீறுகின்றது. இக்குறையை மறைக்கவேண்டியதில்லை. அதேவேளை, விநியோகத்தரின் தயவின்றிப் படமாளிகை கிடையாத அமைப்பிலே, பாடலும் நட்சத்திரமும் இல்லாத படம் மக்களைச் சென்றடையாமைக்கு மக்களின் சுவையை மாத்திரம் குறைகூறுதல் நியாயமாகாது. ராஜ் கபூருக்காக எழுதிய ‘பொபி’ (1973) பெரும் வசூல் பெற்றது. அதிலும் செல்வனின் மகன், மீனவனின் மகள் என்னும் வர்க்க இடைவெளியே கதையின் எலும்புக்கூடு. ஆயின் அது காதலுக்குரிய இடையூறாக மட்டும் சுருங்கிவிட்டது.

6

அப்பாஸின் வாழ்விலே மிகுந்த பொருள்பொதிந்த நிகழ்ச்சி திரையிலன்றி உச்ச நீதிமன்றத்திலே நடைபெற்றது. கல்கத்தா, பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய நகரங்களின் ஆடம்பரத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டும் ‘நான்கு நகரங்களின் கதை’ என்னும் குறும்படத்தை அவர் எடுத்தார். யாவரும் பார்க்கத்தக்கது என்னும் சான்றிதழை அவர் கோரினார். தணிக்கைக் குழுவோ வயதுவந்தோர்க்கு மட்டும் எனச் சான்றளித்தது. மேன்முறையீட்டின் பின் மத்திய அரசு, விலைமாதர் தெருக் காட்சியை வெட்டினால் அவர் கோரிய சான்றிதழ் தரலாமெனக் கூறியது. அப்பாஸ் வெட்ட மறுத்து, முன்தணிக்கையே பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என அரசியல் யாப்பின்கீழ் வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கு நடைபெறும்போதே, வெட்டின்றிச் சான்றிதழ் தர அரசு முன்வருவதாகச் சொலிசிற்றர் ஜெனரல் நீதிமன்றுக்குத் தெரிவித்தார். அப்பாஸ் விரும்பியிருந்தால் அத்துடன் மீண்டிருக்கலாம். தமது படத்தின் விடுதலையோடு அமையாது, பொதுவான உரிமையின் மீது தீர்ப்பை வேண்டினார். 1970 செப்டெம்பர் 24 இல் பிரதம நீதியரசர் ஹிதாயத்துல்லாவின் தலைமையிலான ஐவர் குழாம் தீர்ப்பளித்தது. ஏனைய கலைகளினும் திரைப்படம் உணர்ச்சிகளை ஆழமாகத் தூண்டவல்லது என்பதால் அதற்கு முன்தணிக்கை ஏற்புடையதே என அது கூறியது. கலைப்பெறுமதியைக் கருத்திற்கொள்ளும் தெளிவான வழிகாட்டிகள் வேண்டுமென்பதையும் அது வலியுறுத்தியது. தணிக்கை முடிவுகளுக்கெதிரான மேன்முறையீட்டு நியாயசபை 1983 இல் அமைந்தது. 2021 இல் அதுவும் ஒழிக்கப்பட்டது. அப்பாஸ் எழுப்பிய வினா இன்னும் தீரவில்லை.

‘ஆவாரா’வின் நீதிமன்றிலே ரீத்தாவின் வாதம் நீதிபதியின் மனத்தைக் கரைத்தது. மெய்யான நீதிமன்றிலே அவ்வாறு நிகழவில்லை. அங்கு நீதிபதி எவருக்கும் தந்தையல்லன். தம் கதைகளிலே நம்பிக்கையோடு முறையிட்ட அதே அரசு, வறுமையின் ஒரு காட்சியைச் சிறுவர் பார்க்கலாகாதென வெட்டச் சொன்னபோது, அவ்வரசின் இயல்பை அப்பாஸ் நேரிற் கண்டார். பத்தாண்டுகளின் பின்னர் அவர் ‘தி நக்ஸலைட்ஸ்’ (1980) படத்தை எடுத்தமை இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. ஆயுதப் பாதையை அவர் ஏற்றவரல்லர். ஆனால் அப்பாதைக்கு இளைஞரைத் தள்ளிய நிலைமையைக் காண மறுக்கவுமில்லை.

7

அப்பாஸ் 1987 யூன் 1 இல் பம்பாயிலே காலமானார். அவரது வாழ்வு முற்போக்கு எழுத்தாளர்க்கு இரு படிப்பினைகளைத் தருகின்றது.

முதலாவது, வெகுசனக் கலைவடிவத்தை இகழ்ந்து ஒதுங்குதல் தூய்மையன்று, களத்தைக் கையளித்தலாகும். தமிழ்ச் சூழலிலே சினிமாவை நச்சு இலக்கியத்தின் உடன்பிறப்பாகக் கண்டு விலகிநின்ற நம்மவர், அதனைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களிடமிருந்தும் விலகிநின்றனர் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். குற்றமும் வறுமையும் விதியின் விளைவல்ல என்பதை ‘ஆவாரா’ கோடிக்கணக்கானோர்க்குக் கூறியது. அதனைக் கூறிய எந்த ஆய்வுநூலும் அத்துணை பேரைச் சென்றடையவில்லை.

இரண்டாவது, நல்ல திரைக்கதை மாத்திரம் போதாது. நாவலாசிரியனுக்குப் பேனையும் தாளும் போதுமானவை. திரைக்கதாசிரியனின் சொல்லோ கமராவையும் மூலதனத்தையும் விநியோகத்தையும் உடைமையாகக் கொண்டோனின் கையினூடாகவே மக்களை அடைகின்றது. அப்பாஸ் இதனை உணர்ந்து சொந்த நிறுவனம் அமைத்தார். ஆயின் தனியொருவனின் ஊதியத்தால் நடத்தப்படும் நிறுவனம், தொழிற்றுறையின் உறவுகளை மாற்றவல்லதன்று. 1946 இல் ‘தர்த்தி கே லால்’ ஓர் இயக்கத்தின் படமாக உருவாயிற்று. பின்னர் அவர் எடுத்தவை ஒரு மனிதனின் படங்களாயின. மக்கள் நாடக மன்றம் தளர்ந்த பின்னர் அவர் எழுத்துக்குப் பின்னே நின்ற அமைப்பும் தளர்ந்தது.

அவரை மதிப்பிடும்போது எங்கே சமரசம் செய்தார் என்று கணக்கெடுப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அவரைத் தனியே விட்டுச் சென்ற இயக்கத்தின் கணக்கையும் உடன் பார்த்தல் வேண்டும். ‘ஸ்ரீ 420’ இன் நடைபாதை மக்கள் கேட்ட வீடும், ‘ராஹி’யின் தோட்டத் தொழிலாளர் கேட்ட கூலியும் இன்றும் கேட்கப்படுபவையே. அவற்றைத் திரைக்குக் கொண்டுவர முனையும் எழுத்தாளர் அப்பாஸின் சாதனையிலிருந்து தொடங்கலாம். அவரது தனிமையையும் அவர்கள் மீண்டும் அனுபவிக்கவேண்டியதில்லை.